முன் அச்சை மாற்றலாமா? தோட்டத்து ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியவை

கடந்த மழைக்காலத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மாமா அழைத்தார். பகாங்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார் அவர். ஒரு பிக்கப் வண்டி, நான்கு ஆட்கள், அவ்வளவுதான் தொழில். அந்த வண்டியின் முன்சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாயிண்ட் அன்று மூன்றாவது முறையாக உடைந்திருந்தது.

“ஏம்மா, நீ பத்திரிகையில இருக்க. நாலு பேர விசாரிச்சுச் சொல்லு. பட்டறைத் தம்பி முன் ஆக்ஸலையே மாத்திடலாம்னு சொல்றான். மாத்தலாமா, வேணாமா?”

அந்தத் தம்பி கேட்ட தொகை மாமாவின் பல மாத வருமானம். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நான்கு பேருக்கு வேலை இல்லை. போதாக்குறைக்கு, காலையில் மாமாவின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அதே வண்டியில்தான். தவறான முடிவு எடுத்தால் பணம் மட்டும் போகாது.

தமிழ் படித்த எனக்கு வண்டிப் பாடம் புதிது. பட்டறைகளில் நின்று கேட்டேன், வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வகை முன் அச்சு

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த நம் பாட்டிமார், காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளை மாட்டித் தோளில் சுமந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு வாளி மேலே எழும்பினால் மற்றது கீழே இறங்கும். இரண்டையும் ஒரே கம்பு பிணைத்திருப்பதே காரணம். சாலிட் ஆக்ஸல் எனப்படும் திட அச்சு அந்தக் கம்பைப் போன்றது. இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம்வரை ஒரே இரும்புக் கூடு. அதன் நடுவிலோ சற்றுத் தள்ளியோ டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கும்.

இன்னொரு வகை, கைக்கு ஒரு வாளியாகத் தூக்கி நடப்பதைப் போன்றது. இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரத்துக்கு அந்த அசைவு போகாது. டிஃபரன்ஷியல் வண்டியின் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். அங்கிருந்து இரண்டு பக்கமும் மடங்கும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் சக்கரத்துக்குப் போகும். பட்டறைகளில் இதை ஐஎஃப்எஸ் என்பார்கள். தனித்தியங்கும் முன் அமைப்பு என்று சொல்லலாம்.

1948இல் வந்த முதல் லேண்ட் ரோவருக்குத் திட அச்சுதான். கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளோடு இன்றும் ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களின் அடியில் பார்த்தால் அதைக் காணலாம். 1979இல் வந்த முதல் ஃபோர் வீல் ஹைலக்ஸுக்கும் முன்னால் திட அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. 2005இல் வந்த ஹைலக்ஸ் வீகோவில் இருப்பது தனித்தியங்கும் அமைப்பு. இன்றைய ரேஞ்சர், டிரைட்டன், டி-மேக்ஸ் எல்லாம் அப்படித்தான். சுசுகி ஜிம்னி, ஜீப் ராங்லர், லேண்ட் குரூசர் 70 ஆகியவை இன்னும் திட அச்சை விடவில்லை.

நிறுவனங்கள் மாறியதற்குக் காரணம் உண்டு. பிக்கப் வாங்குவோரில் பெரும்பாலோர் தார்ச்சாலையில்தான் அதிகம் ஓட்டுகிறார்கள். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும். அதற்குத் தனித்தியங்கும் அமைப்பே வசதி.

திட அச்சின் பலம்

பட்டறைத் தம்பி சொன்னது முழுப் பொய் அல்ல. மேடுபள்ளமான பாறைத் தடத்தில் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது திட அச்சு மறு சக்கரத்தைக் கீழே அழுத்திவிடும். நான்கு டயரும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிடி கிடைக்கும். அந்தரத்தில் தொங்கும் டயர் சும்மா சுற்றும்.

இன்னொன்று, தனித்தியங்கும் வண்டி ஒரு மேட்டில் மோதி முன்பக்கம் அமுங்கும்போது சட்டத்தோடு சேர்ந்து டிஃபரன்ஷியலும் கீழே வரும். திட அச்சில் டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு இருப்பதால் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பெரிதாகக் குறையாது. மூட்டுகளும் குறைவு. காட்டுக்குள் ஒரு கம்பி வளைந்தால் நிமிர்த்தியோ வெல்டிங் வைத்தோ வீடு வந்து சேரலாம்.

ஆனால் தோட்டத்துப் பாதை பாறைத் தடம் அல்ல. டிராக்டரும் லோரியும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமான தடம் விழுந்து, நடுவில் மேடு எழும்பி நிற்கும். அந்த நடு மேட்டில் முதலில் இடிப்பது கீழே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான். தனித்தியங்கும் அமைப்பில் முன்பக்க உருண்டை சட்டத்தோடு ஒட்டி மேலே இருக்கிறது. திட அச்சுக்கு மாறினால் அது கீழே இறங்குகிறது. பின்பக்கம் ஏற்கெனவே தொங்குவது போதாதென்று முன்பக்கமும் ஒன்று தொங்கும்.

இதில் பலர் ஏமாறும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் உயரும், திட அச்சின் உருண்டை உயராது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 30 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால் உருண்டைக்குக் கிடைப்பது பாதிதான். அதாவது ஒன்றரை அங்குலம், நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு.

அச்சோடு சேர்ந்து மாறுபவை

“ஆக்ஸல் மாத்துறது” என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். பழைய அமைப்பைக் கழற்றி, ஹாஃப் கட் கடையில் வாங்கிய அச்சை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை.

முதலாவது, டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. கியர்பெட்டியை அடுத்துள்ள டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கத்துக்குப் போகும் ஷாஃப்ட் இடப்புறம் வந்தால், அச்சின் உருண்டையும் இடப்புறம் இருக்க வேண்டும். மாறி இருந்தால் பொருந்தாது.

இரண்டாவது, பல் விகிதம். முன் டிஃபரன்ஷியல் 4.1 என்றும் பின் டிஃபரன்ஷியல் 3.9 என்றும் இருந்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற முன் ஷாஃப்ட் 4.1 சுற்றும் பின் ஷாஃப்ட் 3.9 சுற்றும் சுற்ற வேண்டும். ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும். சகதியில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும். கெட்டித் தரையில் வழுக்காது. அப்போது இரும்புக்குள் முறுக்கு ஏறி எங்காவது ஒன்று உடையும். முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது ஸ்டியரிங். இன்றைய பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது ரேக் வகை. அது திட அச்சோடு ஒத்துவராது. ஸ்டியரிங் பெட்டியைத் தேடி வாங்கிச் சட்டத்தில் பொருத்த வேண்டும். இணைப்புக் கம்பிகளின் கோணம் பிசகினால், சக்கரம் மேடேறும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். கோணம் பிசகி மூட்டுகளும் தேய்ந்திருந்தால், தார்ச்சாலையில் ஒரு குழியைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டும்வரை நிற்காது. ஒருமுறை அனுபவித்தவர்கள் அதை மறப்பதில்லை.

நான்காவது வெல்டிங். பட்டை ஸ்பிரிங் மாட்டவோ, சுருள் ஸ்பிரிங்கோடு வரும் கம்பிகளைப் பிடிக்கவோ சட்டத்தில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியின் எடையும் பிரேக் பிடிக்கும் விசையும் அந்த ஒட்டுகளின் மீதுதான் விழும். மேலே பார்க்க அழகாக இருக்கும் வெல்டிங், உள்ளே பிடிக்காமல் இருக்கலாம்.

பிரேக் குழாயின் நீளம், ஷாஃப்ட்டின் நீளம், முன்பின் சக்கரங்களின் அகலம் என்று பட்டியல் நீளும். வண்டியில் ஏபிஎஸ் இருந்தால், சக்கர வேகத்தை அறியும் சென்சாருக்குப் புதிய அச்சில் இடம் வேண்டும். அது இல்லையென்றால் ஏபிஎஸ் மட்டுமல்ல, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் செயலிழக்கும். மழையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது சின்ன இழப்பல்ல.

சட்டமும் காப்புறுதியும்

“எஸ்டேட்டுக்குள்ளதானே ஓடுது, யார் பாக்கப் போறா?” என்று மாமாவும் கேட்டார். ஆனால் உரக் கிடங்குக்கும் பள்ளிக்கும் பட்டணத்துக்கும் போக அவர் பொதுச் சாலையைத்தான் பயன்படுத்துகிறார்.

பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதைச் சார்ந்த விதிகளும் பொருந்தும். வண்டியின் அமைப்பை மாற்ற ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். அச்சு, ஸ்டியரிங், சட்டத்தில் வெல்டிங் என்பவை விளக்கு மாற்றுவதைப் போன்ற சில்லறை வேலைகள் அல்ல. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் என்னென்ன பத்திரங்கள், என்ன பரிசோதனை தேவை என்று கேட்டுவிடுவது நல்லது. முடித்த பிறகு கேட்டால், எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்க வேண்டி வரலாம்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டில் சிக்கல் வரும். அன்று பட்டறைத் தம்பி வந்து கட்டமாட்டார்.

மாமாவின் வண்டியில் கண்டது

இரண்டாவது கருத்துக் கேட்க, வேறொரு பட்டணத்தில் பல்லாண்டுகளாகப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் வண்டியை இழுத்துப் போனோம். அவர் அச்சைப் பற்றிப் பேசவே இல்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தன இஞ்ச் தூக்கியிருக்க தம்பி?”

“நாலு இஞ்ச் அண்ணே.”

“டயரு?”

“முப்பத்து மூணு.”

பெரியவர் டிரைவ் ஷாஃப்ட்டைக் காட்டினார். ஓரளவு நேராக நிற்க வேண்டியது, வீட்டுக் கூரையைப் போலச் சரிந்து நின்றது. வண்டியின் உடம்பை உயர்த்தும்போது டிஃபரன்ஷியல் மேலே போகிறது, சக்கரம் தரையிலேயே இருக்கிறது. இடையில் உள்ள சிவி ஜாயிண்ட் எந்நேரமும் மடங்கியபடி சுற்ற வேண்டியிருக்கிறது. அதை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் ஒன்றோடொன்று உரசிக் கிழிகிறது. கிரீஸ் வெளியே போய்ச் சகதி உள்ளே வருகிறது. அதன்மேல் பெரிய டயரின் கூடுதல் விசை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு எண்ணெயை அழுத்தினால் உடையாமல் என்ன செய்யும்?

பெரியவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதிது. பழைய ஹைலக்ஸின் திட அச்சிலும் சக்கர முனையில் பிர்ஃபீல்ட் என்றொரு மூட்டு உண்டு. அதுவும் சிவி வகைதான். பெரிய டயரும் டிஃப் லாக்கும் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து அழுத்தினால் அதுவும் உடையும். “ஆக்ஸல மாத்துனாலும் இதே கால்தானே அழுத்தப்போவுது?” என்றார். மாமா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பிறகு சுமைக்கு வந்தார். உர மூட்டை ஒன்று 50 கிலோ. மாமா ஏற்றுவது இருபது மூட்டை. அதுவே ஒரு டன். ஓட்டுநரோடு ஐந்து பேர் ஏறினால் மேலும் முந்நூறு கிலோ. இந்த ரகப் பிக்கப்பின் சுமைத் திறனே ஏறத்தாழ ஒரு டன்தான். திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்கிறார். அளவு மீறினால் இறகின் பாரத்துக்கே அச்சு முறியும் என்பது அவர் கணக்கு. உர மூட்டை மயிலிறகு அல்லவே.

பணத்தைக் கொட்டுவதற்கு முன்

பெரியவரும் நான் விசாரித்த மற்றவர்களும் சொன்ன வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் பழுதைச் சரிபாருங்கள். சிவி ரப்பர், பால் ஜாயிண்ட், டை ராட் முனை, வீல் பேரிங், புஷ். தேய்ந்த சாமானோடு ஓடும் வண்டியை வைத்து அச்சைக் குறை சொல்லக் கூடாது.

தனித்தியங்கும் வண்டியை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டு அங்குலத்துக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் போகப் போக சிவி கோணம்தான் விலை கொடுக்கும்.

சகதிக்கு முதல் மருந்து டயர். சகதி ரக டயரில் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தரையில் அகலமாகப் பதிந்து பிடி கூடும். காற்றை இறக்கக் காசு தேவையில்லை. தார்ச்சாலைக்கு வருவதற்கு முன் மறக்காமல் மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு சிறிய கம்பிரசர் வண்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பின்பக்க டிஃப் லாக். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது மற்ற சக்கரத்துக்கும் விசையைக் கொடுப்பது அதுதான். திட அச்சு போட்டுத் தேடும் பலனில் பெரும்பகுதியை இது கொடுத்துவிடும். பல புதிய பிக்கப்களில் இது வாங்கும்போதே வருகிறது. கடைசியாக வின்ச்சும், அதைத் தாங்கும் உறுதியான கொக்கியும்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். சிக்கினால் முதலில் ஸ்டியரிங்கை நேராக்குங்கள், பிறகு மெதுவாக அழுத்துங்கள். நகரவில்லையென்றால் இறங்கி மண்ணை வெட்டுங்கள்.

யாருக்கு மாற்றுவது சரி?

அப்படியானால் திட அச்சு மாற்றுவதே தவறா என்றால், இல்லை. 1997 முதல் நம் நாட்டில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்கென்றே ஒரு வண்டியைத் தனியாக வைத்திருப்பவர், பாறையும் ஆறும் கடந்து காட்டுக்குள்ளேயே ஓட்டுபவர், அளந்து வேலை செய்யும் பட்டறை ஒன்றை அறிந்தவர், பத்திர வேலைகளையும் முறையாக முடிக்கக்கூடியவர் ஆகியோருக்கு அது சரியாக இருக்கலாம்.

அவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாற்றும் செலவையும் இப்போதுள்ள வண்டியை விற்றால் கிடைக்கும் விலையையும் கூட்டினால், பிறப்பிலேயே திட அச்சுள்ள வேறொரு வண்டியை வாங்க முடியுமா? முடியுமென்றால் அதுவே நல்லது. அதன் ஸ்டியரிங், பிரேக், சட்டம் மூன்றும் அந்த அச்சுக்காகவே செய்யப்பட்டவை. ஒப்புதல் தேடி அலையவும் வேண்டாம்.

மற்றவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதிப் பாருங்கள்:

1. வண்டி கடைசியாக மூன்று முறை நின்றது எதனால்? உடைந்தா, வழுக்கியா, அடியில் இடித்தா?
2. உடைந்தது என்றால், அந்தச் சாமானின் சுமையைக் கூட்டியது எது? உயரமா, டயரா, பாரமா, ஓட்டும் கையா?
3. வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை, எத்தனை கிலோமீட்டர் சகதி?
4. இந்த வண்டியில் வேறு யார் ஏறுகிறார்கள்?
5. பட்டறைக்காரர் இதற்குமுன் செய்த வண்டி ஏதாவது இன்று சாலையில் ஓடுகிறதா? அதை ஓட்டிப் பார்க்க விடுவாரா?

ஐந்தாவது கேள்வியை மாமா அந்தத் தம்பியிடம் கேட்டார். “உங்க வண்டிதான் அண்ணே முதல்” என்று அவர் நேர்மையாகவே சொன்னார்.

மாமா அச்சை மாற்றவில்லை. உயரத்தை இரண்டு அங்குலத்துக்கு இறக்கினார், டயரையும் சிறியதாக்கினார், இரண்டு பக்க சிவியையும் ரப்பரோடு புதிதாகப் போட்டார். இருபது மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோனவர் இப்போது இரண்டு நடை போகிறார். அதனால் எண்ணெய்ச் செலவு கூடியிருக்கிறது, காலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஒரு செங்குத்தான மேட்டில் மழை நாளில் இன்னும் ஏற முடியவில்லை. அங்கே மட்டும் மூட்டைகளைக் கீழே இறக்கி, டிராக்டருக்குக் காத்திருக்கிறார்கள். பின்பக்க டிஃப் லாக்குக்குப் பணம் சேர்க்கிறார்.

போன வாரம் அழைத்தபோது சிவியைப் பற்றி அவர் பேசவே இல்லை. காற்று அளக்கும் கருவியைப் பிள்ளைகள் எங்கோ எடுத்து ஒளித்துவிட்டார்கள் என்றுதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.